பார்க்க நன்றாக இருக்கும் பிரேக் ஹோஸ்: மாற்றுவதா, விட்டுவைப்பதா?

பிப்ரவரி 3 – வாசகர் கேள்வி

எங்கள் குடும்பக் காருக்கு வயது 16 ஆகிறது. பிரேக் பேட் மாற்றப் போன இடத்தில், ஹோஸ்கள் (சக்கரத்தின் பிரேக்குக்குத் திரவத்தைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்கள்) எல்லாம் பழசாகிவிட்டன, நான்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். நானே குனிந்து பார்த்தேன். ஒழுகலும் இல்லை, கிழிசலும் இல்லை. வேண்டாத வேலையை என் தலையில் கட்டுகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. சரிதானே?

பிப்ரவரி 4

சரிதான் என்பது என் கருத்து. வயதை மட்டும் காரணம் காட்டி ஒரு பாகத்தைக் கழற்றச் சொல்வதை நான் ஏற்பதில்லை. எங்கே, என்ன கெட்டிருக்கிறது என்று காட்டிவிட்டுச் சொல்ல வேண்டும்.

ஆனால் நீங்கள் குனிந்து பார்த்தது பார்த்ததாகாது. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, கட்டாயமாக ஸ்டாண்டின் மேல் இறக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதுமாகத் திருப்பி வைத்தால்தான் முன் ஹோஸ் முழு நீளத்துக்கும் கண்ணில் படும். படிந்திருக்கும் சேற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸ் இயல்பாகத் தொங்கும்போது வெடிப்புகள் வாய் மூடிக்கொண்டிருக்கும். இரண்டு விரல்களால் பிடித்து மெல்ல வளைத்தால் வளைவின் வெளிப்புறத்தில் அவை வாய் திறக்கும். நடுப்பகுதியை விட இரும்பு முனைகளை ஒட்டிய ஒரு விரற்கடை தூரத்தைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு முறை சக்கரம் ஏறி இறங்கும்போதும் ரப்பர் அங்கேதான் கூடுதலாக மடங்குகிறது.

ஹோஸின் உள்ளமைப்பு எளிமையானது. நடுவில் சுமார் 3 மில்லிமீட்டர் துளை கொண்ட ஒரு ரப்பர் குழல், அதைச் சுற்றி இரண்டு அடுக்கு நூல் பின்னல், அதன்மேல் இன்னொரு ரப்பர் தோல், அவ்வளவுதான். அழுத்தத்தைத் தாங்குவது பின்னல். வெளித்தோலின் வேலை பின்னலை மண்ணும் நீரும் அண்டாமல் காப்பது. ஆகவே தோலில் மயிரிழை போன்ற கோடுகள் தெரிந்தால் மாற்றுவதற்கு நாள் குறிக்கலாம். கோட்டின் வழியே நூல் தெரிந்தால் வண்டியை வெளியே எடுக்கவே கூடாது. உப்பல், மேலே ஈரப்பசை, டயர் உரசிய பளபளப்பு, தொட்டால் கொழகொழவென்று ஒட்டும் மென்மை ஆகியவையும் அதே கணக்கில் வரும்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் பேடை மட்டும் மாற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். முன்பக்கம் இரண்டு ஹோஸ்களைப் பார்த்துவிட்டுப் பின்பக்கத்தை மறப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். சில வண்டிகளில் பின் அச்சுக்கும் உடற்பகுதிக்கும் இடையே ஒரே ஒரு ஹோஸ்தான் இருக்கும். அது எரிபொருள் டாங்குக்கு அருகே மறைவாகத் தொங்குவதால், வண்டி வாங்கிய நாளிலிருந்து யாரும் அதன் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 9

பெடலை அழுத்திப் பார்க்கும் சோதனையை ஏன் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் பெடலை உறுதியாக மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு ஹோஸையும் பார்க்க வேண்டும். நல்ல ஹோஸ் இலேசாக விறைத்து அசையும். பின்னல் நைந்த ஹோஸில் ஓரிடம் மட்டும் குமிழாக எழும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.

என் வீட்டில் இந்த வேலைக்கு மகள்தான் உதவிக்கு. "மிதிச்சுட்டேன்பா, போதுமா?" என்று மேலிருந்து குரல் வந்தது, நான் டார்ச்சுடன் சக்கரத்தருகே குந்தியிருந்து நான்கு ஹோஸ்களையும் பார்த்தேன். எதிலும் குமிழ் இல்லை, வெடிப்பும் இல்லை. உங்களுக்குப் பதில் எழுதிய கையோடு என் 19 வயது வண்டியையும் பார்த்துவிட்ட நிறைவோடு சக்கரங்களை மாட்டிவிட்டேன்.

இடையில் ஒரு சொல் பற்றி. எல்லோரும் பிரேக் ஆயில் என்கிறோம், ஆனால் அதில் எண்ணெய் இல்லை. டாட் 3, டாட் 4 என்று விற்கப்படுவது கிளைக்கால் வகைத் திரவம். பெயரை நம்பி எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ பிரேக் திரவக் குப்பியில் ஊற்றியவர்கள் உண்டு. பிரேக்கில் பயன்படும் ரப்பர் கனிம எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும், பிறகு ஹோஸ் மட்டுமின்றி, பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் முதல் கடைசி வாஷர் வரை எல்லாமே போய்விடும். நான் இனித் திரவம் என்றே எழுதுகிறேன்.

பிப்ரவரி 17

4-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

நேற்று 40 நிமிடம் ஓட்டிவிட்டு வண்டியை நிறுத்தி இறங்கியபோது முன் இடது சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்தது. கையைச் சக்கரத்துக்கு அருகே கொண்டுபோகும்போதே அனல் அடித்தது. வலது சக்கரத்தில் வழக்கமான சூடுதான். ஜாக்கியில் ஏற்றிக் கையால் சுற்றிப் பார்த்தேன், இரண்டு கையும் போட்டுத் தள்ளினாலும் அரைச் சுற்றுக்கு மேல் நகரவில்லை. பெடலிலிருந்து காலை எடுத்து எவ்வளவோ நேரம் ஆகியும் பேடுகள் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டே இருந்தன.

இந்தச் சக்கரத்துக்கு இது புதிய நோய் அன்று. போன வருடம் இதே சூடு கண்டு, பேடை டிஸ்க்கின் மேல் தள்ளும் பிஸ்டன் இறுகிவிட்டது என்று முடிவு கட்டி, அதைத் தாங்கும் காலிப்பரையே புதிதாகப் போட்டேன். சில வாரம் சரியாக இருந்தது. பிறகு பிரேக்கை மிதித்தவுடன் வண்டி ஒரு கணம் வலப்பக்கம் இழுப்பதும், காலை எடுத்த பிறகு இடப்பக்கம் இழுப்பதுமாக ஒரு புதிர் தொடங்கியது. சக்கர அலைன்மென்ட் என்று நினைத்து இருமுறை சரிபார்த்தேன். இப்போது யோசித்தால் அந்த இரட்டை இழுப்பே போதிய சாட்சியாக இருந்திருக்கிறது. ஹோஸின் துளை உள்ளே சுருங்கிவிட்டால் இடது சக்கரத்துக்குத் திரவம் தாமதமாகப் போகும், எனவே முதலில் வலது பிரேக் பிடிக்கும். காலை எடுத்தபின் உள்ளே போன திரவம் தாமதமாகத்தான் திரும்பும், எனவே இடது பிரேக் விடாமல் பிடித்திருக்கும். காலின் பலத்தால் உள்ளே தள்ளப்படும் திரவம் எப்படியும் புகுந்துவிடுகிறது. திரும்பி வருவதற்கு அதைத் தள்ள அப்படியொரு பலம் இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள சீல் வளைந்து நிமிரும் சிறு மீட்சிதான் உண்டு, அது அடைபட்ட துளையிடம் தோற்றுவிடுகிறது.

கண்டுபிடிக்கும் முறையில் முதலில் ஒரு தவறு செய்தேன். அவசரப்பட்டு, காலிப்பரில் திரவத்தை வெளியே விடும் நிப்பிளைத் திறந்தேன். திரவம் பீய்ச்சியது, சக்கரம் விடுபட்டது, அழுத்தம் போய்விட்டது. அதோடு சாட்சியும் போய்விட்டது. பிஸ்டன் நன்றாக இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அழுத்தத்தைப் பிடித்து வைத்தது ஹோஸா, மாஸ்டர் சிலிண்டரா என்பது தெரியவில்லை. மறுபடி ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு வந்து, இம்முறை மேலிருந்து தொடங்கினேன். உலோகக் குழாய் ஹோஸில் சேரும் நட்டை முதலில் இளக்கினேன்: துளி கசிந்தது, சக்கரம் விடவில்லை. அதை இறுக்கிவிட்டு நிப்பிளைத் திறந்தேன்: சக்கரம் விட்டது. ஆக, அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் இருப்பதுதான் குற்றவாளி. நடுவில் இருப்பது ஹோஸ் ஒன்றே.

இன்னும் எளிய ஒப்பீடும் உண்டு. பெடலைத் தொடாமல் இருபக்க நிப்பிளையும் திறந்து வைத்துச் சொட்டுவதைப் பாருங்கள். வலப்பக்கம் விறுவிறுவென்று சொட்டியது. இடப்பக்கம் ஒரு துளி திரண்டு விழுவதற்குள் பத்து வரை எண்ண முடிந்தது.

பிப்ரவரி 18

கழற்றிய ஹோஸை பிளேடால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். நான் எதிர்பார்த்தது உள்குழல் வயதாகி ஊதியிருக்கும் என்பது. அது அங்கே இல்லை. ஹோஸின் நடுவில், அதைச் சஸ்பென்ஷனோடு பிடித்து நிறுத்த ஓர் இரும்புப் பட்டையைச் சுற்றி அழுத்தியிருப்பார்களே, அந்தப் பட்டையின் அடியில் துரு ஏறியிருந்தது. இரும்பு துருவானால் பருமன் கூடும். வெளியே போக வழியில்லாத துரு உள்பக்கமாகப் பெருத்து ரப்பரை நெரித்திருக்கிறது. பட்டைக்கு இருபுறமும் துளை வட்டமாக, புதிது போல் இருந்தது. பட்டைக்கு நேர் கீழே மட்டும் நகக்கீறல் போன்ற ஒரு பிளவு. வெளித்தோலில் ஒரு கோடுகூட இல்லை.

9-ஆம் தேதி நான் டார்ச் அடித்து நிறைவடைந்தது இதே ஹோஸைப் பார்த்துத்தான்.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு: பார்த்தால் போதும் என்று சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். பார்ப்பது வெடிப்பைக் காட்டும், அடைப்பைக் காட்டாது. 16 வயது ஹோஸ், பட்டையில் துரு, ஓட்டத்தில் இழுப்பு அல்லது ஒரு சக்கரத்தில் கூடுதல் சூடு, இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்தாலும் மாற்றிவிடுங்கள். உங்களுக்கு அதைச் சொன்னவர்கள் காரணத்தை விளக்காதது அவர்கள் பிழை, சொன்னது பிழையில்லை.

பிப்ரவரி 19

"பழைய ஹோஸ் ஒருநாள் வெடித்துவிடும் என்றுதானே எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்?" என்று கேட்டவருக்கு. ஹோஸ் வெடிப்பது நடக்கவே நடக்காது என்றில்லை, ஆனால் ஹோஸ்கள் பெரும் உபரிப் பலத்தோடு செய்யப்படுபவை. அமெரிக்காவின் 106-ஆம் எண் வாகனப் பாதுகாப்புத் தரத்தின்படி, 3 மில்லிமீட்டர் துளையுள்ள ஹோஸ் சுமார் 276 பார் (அழுத்த அலகு) அழுத்தத்தை 2 நிமிடம் தாங்கிய பிறகு, 480 பார் வரை வெடிக்காமல் இருக்க வேண்டும். 35 மணி நேரம் இடைவிடாமல் சுழற்றி அசைக்கும் சோதனையும் உண்டு. காரில் பலமாக மிதிக்கும்போது எழுவது 100 பாரைச் சுற்றிய அழுத்தம்தான். அதனால் பல ஹோஸ்கள் வெடிக்கும் கட்டத்துக்குப் போகும் முன்பே அடைப்பாகவோ கசிவாகவோ தம் முதுமையைக் காட்டிவிடுகின்றன.

பிப்ரவரி 24

புதியவற்றை மாட்டியாயிற்று. முன்பக்கம் இரண்டையும் மாற்றினேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது சிக்கனமாகாது, இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள்.

வேலையில் பாதி, அந்த உலோகக் குழாயின் நட்டைக் கழற்றுவதுதான். சாதாரண இருமுனை ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கும். துருப்பிடித்த சிறிய நட்டில் அதைப் போட்டால் மூலைகள் தேய்ந்து நட்டு உருண்டையாகிவிடும். குழாய் நுழைய ஒரு வெட்டு விட்ட வளைய ஸ்பேனர் வேண்டும். முந்தைய நாளே துரு இளக்கும் திரவம் தெளித்து வைத்தேன், ரப்பர் மீது பட்டதைத் துடைத்துவிட்டேன். வலப்பக்க நட்டு சொன்ன சொல் கேட்டது. இடப்பக்க நட்டு குழாயோடு ஒட்டிக்கொண்டு, நட்டு திரும்பும்போது குழாயும் சேர்ந்து முறுக்கத் தொடங்கியது. இந்த இடத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும். முன்னும் பின்னுமாகக் கால் சுற்றுக்கும் குறைவாக இளக்கி இறுக்கி, மறுபடி துரு இளக்கும் திரவம் விட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் விட்டது. குழாய் முறுக்கிப் போயிருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

கழற்றியதும் திரவம் முழுவதும் ஒழுகிப் போகாமல் இருக்க ஒரு வழி உண்டு. ஒரு குச்சியை இருக்கைக்கும் பெடலுக்கும் இடையே முட்டுக்கொடுத்து, பெடலை ஓரிரு விரற்கடை மட்டும் கீழே இறக்கி வைத்தால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் சிறு துளை மூடிக்கொண்டு குப்பியிலிருந்து கீழே வருவது நின்றுவிடும். ஹோஸைக் குறடால் நெரித்து நிறுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். மாற்றப் போகும் ஹோஸ் என்றால் போகட்டும், மாற்றாத ஹோஸில் அதைச் செய்தால் பட்டையின் துரு பல வருடத்தில் செய்ததை அவர்கள் ஒரு நிமிடத்தில் செய்துவிடுவார்கள். காலிப்பரைக் கழற்றியபின் ஹோஸிலேயே தொங்கவிடுவதும் அதே பாவக் கணக்கில்தான் சேரும். ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் சுருளில் கட்டித் தொங்கவிடுங்கள்.

மாட்டும்போது முறுக்குதான் கண்ணுக்குத் தெரியாத எதிரி. பல ஹோஸ்களின் மேல் நீளவாக்கில் ஓடும் கோடு அழகுக்கு இல்லை. முறுக்கு ஏறினால் அந்தக் கோடு கயிறு போல் சுற்றிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். மேற்சொன்ன அதே தரம் இந்தக் கோடுகளையும் கட்டாயமாக்குகிறது, தயாரித்த தேதியையும் பொறிக்கச் சொல்கிறது. காலிப்பருக்குள் நேரே திருகும் ஹோஸ் என்றால் அந்த முனையை முதலில் இறுக்கிவிட்டு, பிறகு மேல்முனையைத் தாங்கியில் பொருத்தி, ஹோஸின் தலையை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு குழாய் நட்டை இன்னொன்றால் இறுக்க வேண்டும்.

வாங்கும்போது பழையதை எடுத்துக்கொண்டு போய் மரையை ஒப்பிடுங்கள். 10 மில்லிமீட்டர் மரையும் 3/8 அங்குல மரையும் கண்ணுக்கு ஒன்று போலிருக்கும், வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. தப்பானது இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும். இன்னும் பலம் போட்டால் மரை போய்விடும்.

பிப்ரவரி 24, சற்று நேரம் கழித்து

சக்கரம் மாட்டி இறக்கியபின் தரையில் ஈரம். இடப்பக்கம் கசிகிறது.

பிப்ரவரி 25

காரணம் தெரிந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. என் வண்டியில் ஹோஸின் முனை ஒரு வளையம், அதைக் காலிப்பரோடு பிடிப்பது உள்ளே துளையுள்ள ஒரு போல்ட். அந்த வளையமுனைக்கு மேலும் கீழும் ஒவ்வொரு செம்பு வாஷர் வரும். இரண்டையும் புதிதாகத்தான் போட்டேன். ஆனால் பழைய வாஷர் ஒன்று அழுக்கேறிக் காலிப்பரின் முகத்தோடு ஒன்றியிருந்தது, அதை நான் காலிப்பரின் பகுதி என்றே நினைத்துவிட்டேன். ஆக மொத்தம் மூன்று வாஷர்கள். பழையது ஏற்கெனவே நசுங்கிக் கெட்டிப்பட்டது, அது அடைக்காது. இன்னும் இறுக்கினால் நின்றுவிடும் என்று நினைக்காமல் கழற்றிப் பார்த்தது நல்லதாயிற்று. உள்ளே துளை உள்ள போல்ட் அது, மிதமிஞ்சி இறுக்கினால் கழுத்திலேயே முறிந்துவிடும். உங்கள் வண்டிக்கான கையேட்டில் உள்ள இறுக்க அளவை டார்க் ஸ்பேனரால் வையுங்கள். வழிந்த திரவம் பெயின்டைத் தின்றுவிடும், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

மார்ச் 2

ஏர் எடுப்பது, அதாவது பிரேக் குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். குப்பி காலியாகவே கூடாது; காலியானால் காற்று மாஸ்டர் சிலிண்டருக்குள் புகும், ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளில் அதை வெளியேற்றக் கணினிக் கருவி தேவைப்படும். சீல் உடைக்காத புட்டியிலிருந்து மட்டும் ஊற்றுங்கள், ஏனெனில் இந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 ஆகிவிடும்.

பழைய வண்டிக்கு ஒரு தனி எச்சரிக்கை. உதவிக்கு இருப்பவரிடம் பெடலைத் தரைவரை மிதிக்கச் சொல்லாதீர்கள். வருடக்கணக்கில் மேல்பாதியிலேயே ஓடிப் பழகிய மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர், அன்று முதன்முறையாகத் துருவும் படிவும் உள்ள அடிப்பகுதிக்குப் போய்க் கிழிந்துவிடக்கூடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டேன். "என்னப்பா, பாதியிலேயே இடிக்குது" என்று மகள் கேட்டாள், இடிக்கத்தான் வேண்டும்.

மார்ச் 3

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் தொங்கும் நிலையில் சரியாக இருந்த ஹோஸ், வண்டி தரையில் அமர்ந்தபின் டயரை உரசலாம். தரையில் இறக்கி, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, இரண்டு நிலையிலும் கையால் தடவிப் பாருங்கள். என் வலப்பக்கத்தில் இடைவெளி ஒரு விரல் அளவுகூட இல்லை, தாங்கியின் கிளிப்பைத் தலைகீழாக மாட்டியிருந்தேன்.

மார்ச் 10

எஃகுப் பின்னல் ஹோஸ் போடலாமா என்ற கேள்வி. பெடல் சற்று விறைப்பாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் உள்குழலுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதை எஃகுப் பின்னல் மறைத்துவிடும், அருகிலுள்ளதையெல்லாம் அரம் போல் அராவும். பள்ளிக்கும் கடைக்கும் போய்வரும் வண்டிக்கு, கண்ணால் பார்த்து வயதை அறியக்கூடிய சாதாரண ரப்பரையே நான் வாங்குவேன். இதில் மாற்றுக்கருத்து இருப்பவர்கள் இருக்கலாம்.

மார்ச் 16

கேள்வி கேட்டவர் பின் ஹோஸைத் துடைத்துப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: தயாரிப்புத் தேதி வண்டியின் வயதுக்கும் ஏழு மாதம் மூத்தது, பட்டையைச் சுற்றி ரப்பர் ஒரு பக்கம் மேடு தட்டியிருக்கிறது. முன்பக்கம் இரண்டும் இடையில் எப்போதோ மாற்றப்பட்டிருக்கின்றன. ஆகவே நான்கு என்று சொன்னவர்களும் முழுச்சரியில்லை, ஒன்றும் வேண்டாம் என்ற நானும் சரியில்லை. பின்பக்கத்தை மாற்றுங்கள், முன்பக்கத்தின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 23

புது ஹோஸ்களோடு ஐந்நூறு கிலோமீட்டர் ஆயிற்று. நேற்றிரவு இரு காலிப்பர் இணைப்புகளையும் சுற்றி ஒரு துண்டு மெல்லிய காகிதத்தைக் கட்டி, பெடலைச் சில நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் இரண்டு காகிதமும் உலர்ந்திருந்தன. பிறகு அதே 40 நிமிட ஓட்டம். திரும்பி வந்து இரண்டு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோனேன், இடம் வலம் வித்தியாசம் தெரியவில்லை. அலைன்மென்ட்டுக்கு இருமுறை கொடுத்ததைத்தான் இனித் திரும்ப வாங்க முடியாது.